கந்தையும் கைத்தையலும்

(ஜெலுத்தோங் ஆலய மண்டபத்தில், மகளிர் தையற் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருவிழா மலரில் அச்சிடுவதற்கேற்ற உரையாக இஃது அமைய வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆன்மிகச் சொற்பொழிவாற்றும் தகுதி எனக்கில்லை. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான்; அதனோடு மாணவியருக்குத் தையலும் கற்பித்து வந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த துணியைப் பற்றியே பேச முற்படுகிறேன்.

நம் குழு மேற்கொள்ளவிருக்கும் பணியை நீங்கள் அறிவீர்கள். வீடுகளில் கிடக்கும் பழைய சேலை, கைலி, வேட்டித் துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் நம் குடும்பத்தில் மறைந்த ஒரு பெண்ணின் பெயரைக் கையால் தைத்து, அவற்றையெல்லாம் இணைத்து ஒரே ஒட்டுப் போர்வையாக்கி, இம்மண்டபத்தின் வடக்குச் சுவரில் மாட்டுவது என்பது திட்டம். இது பற்றிக் கூட்டத்தில் பேச்செழுந்தபோது, நெடுங்காலம் ஆலயத்திற்குத் தொண்டு புரிந்துவரும் பெரியவர் ஒருவர், "பட்டும் பீதாம்பரமும் சாத்தும் இடத்தில் கந்தலைத் தொங்கவிடுவது முறையா?" என்று வினவினார். கேள்வியில் குற்றமில்லை. அவர் ஆலயத்தின் மேன்மையை எண்ணிக் கேட்டார். ஆயினும் அக்கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த விடையைத் தேடியே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கந்தை என்னும் சொல்லை நாம் இழிவாகவே வழங்கிப் பழகிவிட்டோம். கந்தையையும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியில்கூட அது ஏழ்மையின் அடையாளந்தான். ஆனால் சிவனடியார்களின் வரலாற்றில் அச்சொல்லுக்கு வேறோர் இடம் உண்டு. சோழ நாட்டுப் பழையாறையில் வாழ்ந்த அமர்நீதி நாயனார் துணி வணிகர். பொன்னும் முத்தும் பட்டும் அவரிடம் இருந்தன. ஆனால் அவர் அடியார்களைத் தேடித் தேடிக் கொடுத்தவை கந்தையும் கீளும் கோவணமும் என்று பெரியபுராணம் கூறுகிறது. துறவியருக்குக் கந்தை என்பது பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஆடை அல்லது போர்வை. கிழிந்துபோன துணி என்பது அதன் பொருளில் ஒரு பாதிதான். கிழிந்ததைச் சேர்த்துத் தைத்தது என்பது மறுபாதி.

அந்நாயனாரின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். திருநல்லூரில் அவர் மடம் அமைத்து அடியார்க்கு அமுதளித்து வந்த காலத்தில், இறைவன் பிரமசாரி வடிவில் வருகிறார். கையில் ஒரு தண்டு. அதில் இரண்டு கோவணமும் திருநீற்றுப் பையும் கட்டியிருக்கின்றன. மழை வந்தாலும் வரலாம், இதனை வைத்திருந்து கொடு என்று ஒரு கோவணத்தைக் கழற்றி நாயனாரிடம் ஒப்படைத்துவிட்டு நீராடச் செல்கிறார். திரும்பி வந்து கேட்கும்போது, வைத்த இடத்தில் அது இல்லை. நாயனார் நடுங்கிப்போய்ப் புதிய கோவணங்களை எடுத்து நீட்டுகிறார். வந்தவர் மறுக்கிறார். தண்டில் இருக்கும் மற்றொரு கோவணத்தின் எடைக்கு எடை கொடு, போதும் என்கிறார். தராசு வருகிறது. ஒரு தட்டில் அந்தச் சிறு துணி. மறு தட்டில் கோவணங்கள், பட்டுகள், பொன், வெள்ளி, கடையில் இருந்த அத்தனையும். துணி இருந்த தட்டு கீழேயே நிற்கிறது. இறுதியில் நாயனாரும் மனைவியாரும் மகனும் தாங்களே தட்டில் ஏறிய பிறகுதான் தராசு நேர் நின்றது.

துணி வணிகர் ஒருவரிடம் இறைவன் விளையாடிய விளையாட்டு துணியை வைத்தே அமைந்ததைக் கவனியுங்கள். கெஜம் இவ்வளவு, விலை இவ்வளவு என்று வாழ்நாள் முழுதும் அளந்தவருக்கு, அளவுகோலுக்குள் அடங்காத துணி ஒன்று காட்டப்பட்டது. ஒருவருடைய உடம்போடு ஒட்டியிருந்த துணிக்கு ஈடாக, மற்றொரு குடும்பமே உடம்போடு தட்டில் ஏற வேண்டியிருந்தது. நான் தத்துவம் பேச வரவில்லை. ஆனால் இறந்துபோன தாயின் பழஞ்சேலையைப் பெட்டியடியில் வைத்து, ஆண்டுக்கொரு முறை எடுத்து முகர்ந்துபார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதை விளக்கமின்றிப் புரியும்.

வடமொழியில் 'கந்தா' என்பதும் இச்சொல்லே. வங்காளத்தில் இன்றும் 'காந்தா' என்று ஒரு கைத்தொழில் உண்டு. பழைய சேலைகளை நான்கைந்து அடுக்காக மடித்து, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவியெடுத்து, வெறும் ஓட்டுத் தையலால் முழுவதையும் தைத்துவிடுவார்கள். புதிதாக ஒரு காசு செலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குல்னா வட்டாரத்தைச் சேர்ந்த மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று, கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் தம் பெயரையும் எழுத்தாகத் தைத்துவைத்தார். அக்காலத்தில் நம் நாட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும்? தெரிந்த ஒருத்தி ஊசியால் எழுதினாள். அதனால் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. தைத்த மற்றவர்களின் போர்வைகள் குழந்தைகளின் கீழ் விரிக்கப்பட்டு, நைந்து, மறைந்துபோயின.

நிற்க. கோவிலுக்கும் ஒட்டுத் தையலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் தேரை நிமிர்ந்து பார்க்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரம், 300 டன் எடை என்று பெருமையோடு சொல்கிறோம். அதன் கீழ்ப்பகுதிதான் சிற்பம் செதுக்கிய மரம். மேலே வானளாவ நிற்பது மூங்கிலும் துணியும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பரம்பரையாக இதனைத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். தேரின் மூலைகளில் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகள், தோரணங்கள், தேர்ச்சீலைகள், திருக்குடைகள் ஆகிய யாவற்றிலும் சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாகத் துணியை வெட்டி, யாளியாக, அன்னமாக, தாமரையாக, கிளியாக மற்றொரு துணியின்மேல் பதித்துத் தைக்கிறார்கள். தூரத்தில் நின்று கும்பிடுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் உருவங்கள் பெரியவை, வண்ணங்கள் அழுத்தமானவை. ஒடிசாவில் பூரி ஜகந்நாதரின் மூன்று தேர்களுக்கும் ஆண்டுதோறும் புதுத் துணி போர்த்தப்படுகிறது. ஏறக்குறைய 1,200 மீட்டர் செல்லும் என்பார்கள். ஜகந்நாதருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்குச் சிவப்பும் கறுப்பும். பூரிக்கு அருகிலுள்ள பிப்பிலி என்னும் ஊரே இத்தையலுக்குப் பெயர்பெற்றது.

ஆகவே, ஒட்டுத் தையல் ஆலயத்திற்குப் புதிதன்று. சுவாமியின் தலைக்கு மேலேயே இருப்பது. பெரியவர் கேட்ட கேள்விக்கு இது ஒரு பாதி விடை. ஆனால் நான் தேர்த்துணிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் வேறொன்றில் போய் நிற்கும். திரைச்சீலையின் அடியிலும் குடையின் விளிம்பிலும் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர் பெயரும் ஊரும் தைக்கப்பட்டிருக்கும். நம் ஆலயத்துக் குடையிலும் இருக்கிறது. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் தைத்தவர் யார்? அவர் பெயர் எங்கும் இல்லை. உபயகாரரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் குடையே இல்லை. ஒருவர் பெயரை மற்றொருவர் தைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது என்பதைத்தான் சொல்லவந்தேன்.

இனி நம் மண்ணுக்கு அருகே வருகிறேன். 1941 டிசம்பரில் பினாங்கின்மீது குண்டு விழுந்ததைக் கேட்டறியாதவர் இங்கில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்களை ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்தனர். 600 பேருக்கென்று கட்டிய சிறை அது. ஆண்கள் ஒரு பக்கம். ஏறத்தாழ 400 பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். படைவீரர்களாக இருந்த கணவன்மார் வேறு முகாம்களில். ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று மற்றவர் அறிய வழியில்லை, கடிதமும் கூடாது.

அப்போது எத்தல் மல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுரமாக ஒரு வெள்ளைத் துணி. மாவு மூட்டை, அரிசி மூட்டைத் துணிகளும் அதற்குப் பயன்பட்டன. அதில் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகத் தைத்து, தன் பெயரையும் தைக்க வேண்டும். அவற்றை இணைத்து மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்ற வீரர்களுக்குப் போர்வையாக அனுப்புவது என்று அதிகாரிகளிடம் அனுமதி கேட்டார்கள். மூன்று போர்வைகள் தைக்கப்பட்டன: பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. ஜப்பானியருக்கும் ஒன்று தைத்தால்தான் மற்ற இரண்டும் வெளியே போகும் என்று அந்தப் பெண்கள் கணக்கிட்டார்கள். சாதுரியந்தான்! ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். சிலர் மலர் தைத்தார்கள். சிலர் விட்டு வந்த வீட்டை. சிலர் சிறையையே தைத்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஒருவன் அந்தப் போர்வையில் தன் மனைவியின் பெயரைக் கண்டால், அவள் உயிரோடிருக்கிறாள் என்று பொருள். ஒரு பெயரைத் தைத்ததில் அத்தனை செய்தியும் அடங்கிவிட்டது. அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் போர் நினைவகத்திலும், மற்றொன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

அதே சிறையில் சாரணச் சிறுமியர் ஏறத்தாழ இருபது பேர், தங்களுக்குப் பயிற்சியளித்த எலிசபெத் எனிஸ் அம்மையாரின் பிறந்தநாளுக்காகக் கமுக்கமாக ஒரு போர்வை தைத்தார்கள். அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாக இணைத்த வேலை. நூலுக்கு எங்கே போவது? கிழிந்த உடுப்புகளிலிருந்து இழை இழையாக உருவிக்கொண்டார்கள். அதிலும் சிறுமிகளின் பெயர்கள் தைக்கப்பட்டுள்ளன. இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. முழுவதுமாக முடிக்கப்படாத போர்வை. முடியாததாலேயே அதன்மேல் எனக்குப் பற்று அதிகம்.

இவற்றைப் பற்றிப் படிக்கும்போது நம் மனம் வேறொரு பக்கம் போகாமலிருக்காது. அந்த ஆண்டுகளில் நம்மவர் எங்கே இருந்தார்கள்? பால்மரக் காடுகளில் மரம் சீவிக்கொண்டிருந்த நம் பாட்டன்மாரை 1943இல் ஆயிரக்கணக்கில் இரயிலேற்றிச் சயாம்–பர்மா பாதை போட அழைத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை. தோட்டத்தில் எஞ்சிய பெண்களுக்கு உடுத்தத் துணியில்லை. சாக்கைப் பிரித்து உடுத்தியதாகச் சொல்லாத பாட்டி நம் குடும்பங்களில் அரிது. போன கணவன் இருக்கிறானா என்று அறிய அவர்களுக்கும் வழியில்லை. அவர்களிடமும் சாக்கு இருந்தது, ஊசி இருந்தது. பெயர் எழுதத்தான் பெரும்பாலோருக்குத் தெரியாது; எழுதினாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 வீரர்களுக்கு வரிசை வரிசையாக இடம் உண்டு. வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துப் போற்றுகிறார்கள், போற்றத்தக்க செயலே. அதே பாதையில் மடிந்த நம் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை.

இந்த எண்ணத்தில்தான் நம் போர்வைத் திட்டம் பிறந்தது. சென்ற மாதம் குழுவில் அமர்ந்திருந்தபோது, ஒவ்வொருவரும் உங்கள் தாயைப் பெற்ற பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பதினெட்டுப் பேரில் ஐவருக்குத் தெரியவில்லை. ஓர் அம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஆயான்னுதாங்க டீச்சர் கூப்பிடுவோம். பேர் வெச்சு யாரும் கூப்பிட்டதே இல்லையே" என்றார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. அந்த ஆயாதான் அவரை வளர்த்தவர். தாய் வெளிக்காட்டுக்குப் போனபின் தூளியாட்டியவர். அலோர் ஸ்டாரில் இருக்கும் உறவினர்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். அங்கும் ஆயாதான். பழைய பிறப்புப் பத்திரம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். அதில் எழுத்தர் தமக்குக் கேட்டவாறு எழுதிவைத்த பெயர், காளியம்மாவா கலியம்மாவா கண்ணம்மாவா என்று பிரித்தறிய முடியாததாக இருந்தது. நம் அடையாள அட்டைகளில் நம் பெயர்கள் படும் பாட்டை நீங்கள் அறியாதவர்களா?

கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும், தாய்மார்களே. இங்கு அமர்ந்திருப்பவர்களில் எண்பதைக் கடந்தவர்கள் நால்வர். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டபின் பினாங்குக்கு வந்து, இந்த ஜெலுத்தோங்கின் பலகை வீடுகளிலும் பின்னர் அடுக்குமாடிகளிலும் குடியேறியவர்கள். ஜெலுத்தோங் என்பதே பால் வடிக்கும் ஒரு மரத்தின் பெயர்தான். அதன் பால் மெல்லும் மிட்டாய் செய்யப் பயன்பட்டது. ஒரு பால்மரத்தை விட்டு மற்றொரு பால்மரத்தின் பெயர் கொண்ட ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்று என் தந்தையார் வேடிக்கையாகச் சொல்வார். அந்த நால்வருக்கும் நூறு பெயர்கள் தெரியும். அவர்களை நடுவில் உட்காரவைத்துத்தான் இனி நாம் தைக்க வேண்டும்.

அம்மனுக்குச் சாத்திய புடவைகள் அறையில் குவிந்து கிடக்கின்றனவே, அவற்றை வெட்டிப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். குருக்கள் ஐயாவிடம் கேட்டு முடிவு செய்யட்டும் என்று நிர்வாகத்தினர் விட்டிருக்கிறார்கள். என் கருத்தைச் சொல்வதானால், வேண்டாம். அம்மன் புடவை பிரசாதம். அதைப் பெற்றுக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஏழைப் பெண்கள் இருக்கிறார்கள். மேலும் இந்தப் போர்வைக்கு வேண்டியது அழகான துணியன்று; இன்னாருடைய துணி என்று சொல்லத்தக்க துணி. பாட்டியின் வெள்ளைச் சேலையோ, சீட்டிப் பாவாடையோ, பாத்தேக் கைலியோ, பேரனுக்குத் தூளி கட்டிய துணியோ எதுவாயினும் சரி. ஒன்றுமே எஞ்சவில்லையென்றால் உங்களுடையதில் ஒரு துண்டு கொடுங்கள். என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, குழந்தை பிறந்தால் நூறு வீட்டில் துண்டு துணி வாங்கிப் போர்வை தைக்கும் வழக்கம் தங்களிடமும் உண்டு என்றார். மறுநாள் ஒரு துண்டைக் கொண்டுவந்தும் கொடுத்தார். அதையும் சேர்க்கப் போகிறேன். யாரும் தடை சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தையல் இயந்திரத்தில் ஓட்டிவிட்டால் இரண்டு நாளில் முடியுமே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இயந்திரத்தின்மேல் எனக்குப் பகையில்லை. அதில் தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். ஓரம் மடிப்பதையும் பின்துணி இணைப்பதையும் இயந்திரத்தில் செய்வோம். ஆனால் பெயர்களைக் கையால்தான் தைக்க வேண்டும். கையால் ஒரு பெயரைத் தைக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். அந்த ஒரு மாலை முழுவதும் அந்தப் பெயர் நம் மடியில் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் யார் இவர் என்று கேட்பார், நாம் சொல்லுவோம். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு. போர்வை அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம்.

பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுதத் தெரியாத பெண்கள் நம் குழுவில் அறுவர். அதற்காக அவர்கள் நாணத் தேவையில்லை. நான் பென்சிலால் எழுதித் தருகிறேன். கோட்டின்மேல் ஊசி போனால் போதும். நம் எழுத்துகள் வளைந்தவை. அவற்றுக்கு ஓட்டுத் தையல் ஒத்துவராது. வளைவில் இடைவெளி விழுந்து எழுத்து உடைந்துபோகும். பின் தையல் அல்லது சங்கிலித் தையல்தான் பொருந்தும். போன வாரம் ஒரு பெண் 'ழ' எழுத்தின் சுழியைத் தைத்து முடித்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு நேரம் எடுக்குதா, டீச்சர்? இனிமே மறக்கமாட்டேன்" என்றாள். வகுப்பறையில் நூறு முறை எழுதச் சொல்லியும் வராதது அது.

ஒன்றை வியந்து சொல்ல வேண்டும். நம் குழுவில் மிக நுட்பமாகத் தைப்பவர்கள் யார் தெரியுமா? 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்ட பிறகு மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மயிரிழைக் கம்பிகளை இணைத்தவர்கள்தாம். பணி ஓய்வு பெற்ற அந்தக் கைகளுக்கு ஊசிக் காதில் நூல் கோப்பது ஒரு வேலையே இல்லை. கண் மங்கிய பாட்டிமார்களுக்கு அவர்கள்தான் இப்போது நூல் கோத்துக் கொடுக்கிறார்கள். பட்டினத்தடிகளைத் துறவியாக்கியது காதற்ற ஊசி. நம்மை இம்மண்டபத்தில் கூட்டியிருப்பது காதுள்ள ஊசி.

ஆண்களுக்கும் ஒரு சொல். தேர்த்துணி தைக்கும் தஞ்சாவூர்க் கைவினைஞரிலும், பூரியில் இறைவனின் தேருக்குத் தைக்கும் தர்ஜி ஊழியரிலும் ஆடவர் பலர். மீசை ஊசிக்குத் தடையன்று. வெள்ளிக்கிழமை மாலைகளில் காலணி வைக்கும் இடத்திற்கு அருகே அமர்ந்து நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் உள்ளே வந்து, குறைந்தபட்சம் துணியையாவது அளந்து வெட்டிக் கொடுக்கலாம். கேள்வி எழுப்பிய பெரியவரையும் அன்போடு அழைக்கிறேன். அவருடைய அன்னையார் இந்த ஆலயத்தில் மாவிளக்குப் போட்டதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அம்மையாரின் பெயரைத் தைக்க முதல் சதுரத்தை ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

ஆயாவின் பெயர் தெரியாத அந்த அம்மாள் என்ன செய்வது என்று கேட்டார். வேறு ஏதேனும் பெயரைப் போடலாமா என்றார். கூடாது என்றேன். 'ஆயா' என்றே தைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் கீழே ஒரு விரற்கடை வெறுமையாக இருக்கும். பெயர் என்றேனும் கிடைத்தால் அங்கே தைத்துக்கொள்ளலாம்.

இனி வேலை விவரம். மொத்தம் 72 சதுரங்கள். குறுக்கே ஒன்பது, நெடுக்கே எட்டு. ஒவ்வொன்றும் ஏழு அங்குலம் வெட்ட வேண்டும். நான்கு புறமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் ஆறு நிற்கும். முடிந்தபின் நாலரை அடி அகலம், நான்கடி உயரம் வரும். பருத்தித் துணியாக இருந்தால் நல்லது. வழுவழுப்பான நைலெக்ஸ், ஜார்ஜெட் சேலைகள் ஊசியில் நழுவும். அவைதாம் இருக்கின்றன என்றால் பின்னால் ஒரு மெல்லிய பருத்தித் துணி வைத்து இழையோட்டிக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் முதலில் ஒரு முறை துவைத்து, வெயிலில் காயவைத்து, பெட்டி போட வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வண்ணம் ஒட்டினால் உப்புநீரில் ஊறவைத்து மீண்டும் துவையுங்கள். மீண்டும் தேய்த்துப் பார்த்து, அப்போதும் ஒட்டினால் வேறு துணி எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்குமாதலால் உள்ளே பஞ்சு வேண்டாம். பழைய வேட்டி ஓர் அடுக்குப் போதும். பெயர் சதுரத்தின் நடுவே நான்கு அங்குலத்திற்குள் அடங்க வேண்டும். நீளமான பெயராயின் இரண்டு வரியாகப் பிரிப்போம். நூல் இரண்டு இழை. வண்ணம் உங்கள் விருப்பம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்தவுடன் துணி வாங்கத் தொடங்குகிறோம். துணியோடு அது யாருடையது, எந்தத் தோட்டம் அல்லது எந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு என்பதை ஒரு தாளில் எழுதிக் குத்திக் கொண்டுவாருங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஊசியும் நூலும் இங்கே இருக்கின்றன. மூக்குக் கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.